எச்சில் ஒழுகும் மாடு, தள்ளாடும் ஆடு: நரம்புக் கோளாறின் காரணத்தை அறிவது எப்படி?

காலையில் தொழுவத்துக்குப் போகிறீர்கள். நேற்று மாலை வரை நன்றாக இருந்த பசு இன்று தீவனத்தைத் தொடவில்லை. வாயிலிருந்து எச்சில் கயிறு போல் ஒழுகுகிறது. தண்ணீரில் வாயை வைக்கிறது, விழுங்க முடியவில்லை. கத்தும்போது குரல் கம்மியிருக்கிறது. பக்கத்து வீட்டார் வந்து பார்க்கிறார்கள். "தொண்டையில் பனங்கொட்டை ஏதாவது சிக்கியிருக்கும்" என்கிறார் ஒருவர். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பசுவின் வாய்க்குள் கையை விட்டுத் துழாவுகிறார். ஒன்றும் அகப்படவில்லை. இன்னொருவர் மூங்கில் குழாயில் கஷாயம் ஊற்றுகிறார். நான்கு நாளில் பசு இறந்துவிடுகிறது.

இக்காட்சி நம் கிராமங்களில் புதியதன்று. பசு போனது பெரும் இழப்புதான். ஆனால் அதற்கு வந்தது வெறிநோயாக இருந்தால், வாய்க்குள் கையை விட்டவரின் உயிருக்கே அது ஆபத்தாகும். பசுவின் எச்சிலில் உள்ள நச்சுயிரி, கையில் உள்ள சிறு கீறல் வழியாகவும் உடலில் புகுந்துவிடும்.

தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு, எச்சில் ஒழுகுதல் ஆகிய குறிகளைக் காணும்போது நீங்கள் செய்ய வேண்டுவது என்ன, செய்யக் கூடாதது என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இதை எழுதுபவன் கால்நடை மருத்துவன் அல்லன், பயிர்த்தொழில் கற்பிப்பவன். ஆயினும் இக்குறிகளுக்கான காரணங்களில் பல வயலிலும் வரப்பிலும் தொழுவத்திலும் இருப்பவை. அவற்றை அறிந்தவர் உழவராகிய நீங்களே. மருத்துவர் வந்து சேருமுன் நீங்கள் கண்டு வைத்திருக்கும் செய்திகள் நோயறிதலில் பாதி எனலாம்.

நரம்புக் கோளாறு என்றால் என்ன?

மூளை, தண்டுவடம், அவற்றிலிருந்து கிளைக்கும் நரம்புகள் ஆகியவையே உடலின் அசைவு அனைத்தையும் ஆள்கின்றன. இவற்றில் எங்கே கெடுதல் நேர்ந்தாலும் கீழ்க்கண்ட குறிகள் தோன்றும்.

1. நடை தள்ளாடுதல், பின்னங்கால் இழுபடுதல், கணு மடங்குதல்.
2. தசை துடித்தல், உடல் நடுங்குதல், வலிப்பு.
3. உடல் விறைத்தல், தாடை பூட்டிக்கொள்ளுதல்.
4. ஒரே பக்கமாகச் சுற்றுதல், சுவரில் தலையை அழுத்தி நிற்றல், வானத்தைப் பார்ப்பது போல் தலையைத் தூக்கிக்கொள்ளுதல்.
5. கண் தெரியாமல் மோதுதல்.
6. விழுங்க முடியாமை, எச்சில் ஒழுகுதல், குரல் மாறுதல்.
7. காரணமின்றி மிரளுதல், முட்ட வருதல், அல்லது வழக்கத்துக்கு மாறாக மந்தமாதல்.

இவை நோயின் பெயர்கள் அல்ல, குறிகள் மட்டுமே. ஒரே குறி பல காரணங்களால் வரும். எச்சில் ஒழுகுதல் வெறிநோயிலும் உண்டு, பூச்சி மருந்து நச்சிலும் உண்டு, கோமாரியிலும் உண்டு, உண்மையாகவே தொண்டை அடைத்தாலும் உண்டு. ஆதலால் ஒரு குறியை மட்டும் கண்டு முடிவு கட்டுதல் தவறு. குறியோடு சூழ்நிலையையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

முதல் விதி

குறி எதுவாயினும், காரணம் தெரியும் வரை, மாட்டின் வாயில் கையும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

கை வேண்டாம் என்பதன் காரணத்தை மேலே கண்டோம். மருந்து வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. விழுங்கும் ஆற்றல் இழந்த மாட்டுக்கு ஊற்றும் கஷாயமும் எண்ணெயும் வயிற்றுக்குப் போவதில்லை. மூச்சுக்குழாய் வழியே நுரையீரலில் இறங்கிவிடுகின்றன. நோயிலிருந்து பிழைத்த மாடு நுரையீரல் அழற்சியால் இறந்துபோவதும் உண்டு.

எனவே மாட்டைத் தனியே பிரித்து நிழலில் கட்டுங்கள். சிறுவர்களையும் நாய்களையும் அருகே விடாதீர்கள். மற்றக் கால்நடைகளின் தீவனத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் பிரித்துவிடுங்கள். கால்நடை மருந்தகத்துக்கு ஆள் அனுப்புங்கள். அல்லது 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். பிறகு சற்றுத் தள்ளி நின்று பாருங்கள்.

உங்களை நீங்களே கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. எப்போது தொடங்கியது? மேய்ந்து வந்த சில நிமிடங்களிலா, ஓரிரு மணி நேரத்திலா, நாள்கணக்கில் மெல்ல மெல்லவா?
2. எத்தனை உருப்படிகளுக்கு? ஒன்றுக்கு மட்டுமா, ஒன்றாக மேய்ந்த பலவற்றுக்குமா?
3. கடந்த இரண்டு நாள்களில் என்ன தின்றது? எங்கே மேய்ந்தது? அவ்வயலில் மருந்து தெளித்ததுண்டா? யூரியா இட்டதுண்டா?
4. கடந்த சில மாதங்களில் நாய், நரி, கீரி கடித்ததுண்டா? ஊரில் வெறிநாய் நடமாட்டம் இருந்ததா? கடந்த சில வாரங்களில் மூக்கு குத்துதல், காயடித்தல், கொம்பு முறிதல், லாடம் அடித்தல் போன்ற காயம் ஏற்பட்டதா?
5. பெண் கால்நடையாயின், கன்று ஈன்று எத்தனை நாள் ஆகிறது?

இவ்வைந்துக்கும் விடையை ஒரு தாளில் குறித்து வைத்தால், மருத்துவர் வந்ததும் பாதி வேலை முடிந்தது போலாகும். இனி, இவ்விடைகள் எந்தெந்த நோயைச் சுட்டுகின்றன என்று காண்போம்.

வெறிநோய்

நாய் கடித்ததை நாம் பார்க்காமலே இருந்திருக்கலாம். இரவில் கட்டுத்தறியில் நேரும் கடி, மூக்கருகிலோ காலிலோ சிறு புண்ணாகி ஆறிப்போகும். பெரும்பாலும் மூன்று வாரம் முதல் மூன்று மாதம் கழித்தே நோய் வெளிப்படும். சில வேளை அதற்கும் மேலாகும். அதற்குள் கடியை வீட்டார் மறந்துவிடுகின்றனர். மாட்டில் வெறிநோய் தெரியாமல் போவதற்கு இதுவே முதற் காரணம்.

இரண்டாவது காரணம், வெறிநோய் என்றால் மாடு முட்டிப் பாய வேண்டும் என்ற எண்ணம். பாயும் மாடும் உண்டு. மந்தமாகவே இருந்து இறக்கும் மாடும் உண்டு. மந்தமாக உள்ளதைத்தான் "தொண்டை அடைப்பு" என்று தவறாக எண்ணுகிறோம். ஆகவே பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

தீவனம் எடுப்பதில்லை. எச்சில் ஒழுகுகிறது. அடிக்கடி கம்மிய குரலில் கத்துகிறது. சாணி போட முக்குகிறது. ஆனால் சாணி வருவதில்லை. வால் தளர்ந்து தொங்குகிறது. பின்னங்கால் கணு மடங்கித் தள்ளாடுகிறது. சில மாடுகள் பருவம் வந்தது போல் மற்றவற்றின் மேல் ஏறும். நாளுக்கு நாள் இக்குறிகள் மிகும். பிறகு மாடு கீழே விழும். குறி தோன்றிய பத்து நாள்களுக்குள் இறந்துவிடும். குறி தோன்றிய பின் காப்பாற்ற மருந்து இல்லை.

உண்மையான தொண்டை அடைப்பு வேறு வகையானது. தின்றுகொண்டிருக்கும்போதே திடீரென்று வரும். மாடு இருமும், கழுத்தை நீட்டும். இடது வயிறு விரைவில் உப்பும். ஆனால் நடை தள்ளாடாது, குரல் மாறாது. கோமாரியில் காய்ச்சலும், வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளமும் இருக்கும். ஊரில் பல மாடுகளுக்கும் வரும்.

உயிரோடுள்ள மாட்டில் வெறிநோயை உறுதி செய்வது கடினம். இறந்த பின் மூளைத் திசுவைச் சோதித்தே உறுதி செய்கின்றனர். இத்தாலிய அறிஞர் நெக்ரி 1903-இல் வெறிநோயால் இறந்த விலங்குகளின் மூளையில் கண்ட நுண்பொருள்களை நெடுங்காலம் அடையாளமாகக் கொண்டனர். இன்று ஒளிரும் சாயம் சேர்த்த எதிர்ப்பொருளைக் கொண்டு இன்னும் திருத்தமாகக் கண்டறிகின்றனர். ஐயமுள்ள மாடு இறந்தால் மருத்துவருக்குச் சொல்லாமல் புதைத்துவிடாதீர்கள். தோலுரிக்கவும் கூடாது, இறைச்சிக்குக் கொடுக்கவும் கூடாது. மருத்துவர் வேண்டிய மாதிரியை எடுத்த பின் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைத்தல் வேண்டும்.

எச்சில் பட்டவர் செய்ய வேண்டியது

வெறிநோய் ஐயமுள்ள மாட்டின் எச்சில் கீறலிலோ கண்ணிலோ வாயிலோ பட்டவர்கள் மாடு சாகிறதா என்று காத்திருக்கக் கூடாது. பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணாயின் சோப்பின்றி நல்ல நீரால் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சென்று நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். தடுப்பூசி அங்கே இலவசமாகப் போடப்படுகிறது. தோலில் போடும் முறையில் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என நான்கு முறை போடுகின்றனர். காயத்தைப் பொறுத்து எதிர்ப்பு ஊநீரும் தேவைப்படும். அதை மருத்துவர் முடிவு செய்வார். இரண்டு ஊசி போட்டதும் நின்றுவிடுவோர் பலர், அது பெருந்தவறு. அத்தகைய மாட்டின் பாலைக் கறக்கவோ பருகவோ கூடாது. ஏற்கெனவே காய்ச்சாமல் பருகியவர்கள் மருத்துவரிடம் சொல்லி ஆலோசனை பெறுவது நல்லது.

உங்கள் மாட்டை நாய் கடித்தது கண்ணில் பட்டுவிட்டால், அது நல்வாய்ப்பு என்றே கொள்ளுங்கள். கையுறை அணிந்து புண்ணைச் சோப்பு நீரால் நன்கு கழுவி, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டினால், தொடர் தடுப்பூசி போட்டு மாட்டைக் காக்க முடியும்.

வயலிலிருந்து வரும் நச்சு

மேய்ந்து சில நிமிடங்களில், ஒன்றுக்கு மேற்பட்ட உருப்படிகள் தள்ளாடி விழுந்தால், காரணத்தை வயலில் தேடுங்கள்.

இளஞ்சோளம்: சோளப் பயிரில் ஒரு வகைச் சர்க்கரைப் பொருள் இருக்கிறது. அது வயிற்றில் சிதையும்போது ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற கொடிய நச்சு உண்டாகிறது. இப்பொருள் இளம்பயிரில் மிகுதி. பயிர் முற்ற முற்றக் குறையும். தண்டைவிட இலையில் அதிகம். மழையின்றி வாடிக் குறுகிய பயிரிலும், வாட்டத்துக்குப் பின் மழை பெய்து துளிர்த்த பயிரிலும், அறுத்த கட்டையிலிருந்து கிளைத்த மறுதாம்பிலும் இது கூடும். தழைச்சத்து அளவுக்கு மிஞ்சினாலும் கூடும்.

இதைத் தின்ற மாடு மூச்சுத் திணறும், நடுங்கும், தள்ளாடி விழும், வலிப்பு வரும். நேரத்தில் மருத்துவம் கிடைக்காவிடில் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் இறக்கும். ஈறும் கண்ணின் உட்சவ்வும் நல்ல சிவப்பாக இருக்கும். இரத்தத்தில் உயிர்க்காற்று இருந்தும் உடல் அதைப் பயன்படுத்த முடியாமல் போவதே காரணம். சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் என்னும் மருந்துகளை மருத்துவர் நரம்பு வழியே செலுத்திக் காப்பாற்றலாம். நேரமே உயிர் என்பதால், "சோளக்கொல்லையில் மேய்ந்தது" என்ற ஒரு சொல்லை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தடுப்பது எளிது. தானியச் சோளத்தைத் தீவனத்துக்கு அறுப்பதாயின் பாதிப் பயிர் பூத்த பின் அறுங்கள். கோ (எஃப்எஸ்) 29 போன்ற பலமுறை அறுக்கும் தீவனச் சோளத்தை முதல் முறை 65-ஆம் நாளிலும், பிறகு 50 நாளுக்கு ஒரு முறையும் அறுப்பது பரிந்துரை. வாடிய பயிரையும் மறுதாம்பையும் மேய விடாதீர்கள். பசித்த மாட்டைச் சோளக்கொல்லைப் பக்கம் ஓட்டாதீர்கள். முதலில் வைக்கோல் கொடுங்கள். ஐயமிருந்தால் அறுத்து நன்றாக வெயிலில் உலர்த்திப் போடுங்கள். நச்சு பெரிதும் குறையும்.

மரவள்ளி: இதன் இலையிலும் கிழங்குத் தோலிலும் இதே நச்சு உண்டு. பச்சை இலையை ஆடுகள் ஆசையோடு தின்னும். சற்று நேரத்தில் வயிறு உப்பி விழும். தோலையும் இலையையும் நன்கு உலர்த்தியே, அதுவும் மற்றத் தீவனத்தோடு கலந்து சிறிதளவே கொடுக்க வேண்டும்.

யூரியா மிகுந்த பயிர்: தழைச்சத்து மிகுதியாக இட்டு, உடனே வறட்சி தாக்கிய தீவனப் பயிரில் நைட்ரேட் உப்பு தேங்கும். தின்ற மாட்டுக்கு மூச்சுத் திணறலும் தள்ளாட்டமும் வரும். ஆனால் ஈறு சிவப்பாக இராது. பழுப்பாக, காப்பி நிறமாக இருக்கும். நச்சு வேறாதலால் மருந்தும் வேறு. சோளத்தின் அமிலம் உலர்த்தினால் குறையும்; நைட்ரேட் உலர்த்தினாலும் குறையாது. உதட்டின் ஓரத்திலோ கீழ் இமையின் உட்புறத்திலோ தெரியும் நிறத்தைத் தொடாமல் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பூச்சி மருந்து: தெளித்த வயலின் வரப்புப் புல், மருந்து கரைத்த வாளி, டிரம்மில் மீந்த தண்ணீர், மருந்து கலந்த விதை ஆகியவை வழியே நச்சு சேரும். உண்ணிக்காக மாட்டின் மேல் பூசும் மருந்து அளவு மிஞ்சினாலும் இதே கேடு. எச்சிலும் கண்ணீரும் ஒழுகும், அடிக்கடி சாணியும் மூத்திரமும் போகும், தசை துடிக்கும், கண்ணின் பாவை ஊசிமுனை போல் சுருங்கும். எச்சில் வெறிநோயிலும் ஒழுகும் என்றோம். ஆனால் வெறிநோய் நாள்கணக்கில் வளர்வது. இது சில மணி நேரத்தில் வருவது. மருந்துப் புட்டியையோ அதன் மேல் ஒட்டிய தாளையோ மருத்துவரிடம் காட்டினால் மாற்று மருந்தை உடனே தீர்மானிக்க முடியும்.

பழைய பேட்டரி, பெயிண்ட் டப்பா ஆகியவற்றைக் கன்றுகள் நக்குவதுண்டு. அவற்றிலுள்ள ஈயம் மூளையைத் தாக்கும். கண் தெரியாமல் மோதுதல், பல் நறநறத்தல், சுவரில் தலையை அழுத்துதல் ஆகியவை அதன் குறிகள். குப்பைக் குழிக்கு வேலி போடுவதே தடுப்பு.

கன்று ஈன்ற பசு

ஈன்ற மூன்று நாள்களுக்குள், நன்றாகக் கறக்கும் பசு, பெரும்பாலும் மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்டது, தள்ளாடிப் படுத்துவிடுகிறது. கழுத்தை மடக்கித் தலையை விலாவின் மேல் சாய்த்துக்கொள்கிறது. காது சில்லிட்டிருக்கிறது. சாணி போடவில்லை. இது பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடல் சூடு உண்மையில் குறைந்தே இருக்கும். சீம்பாலில் சுண்ணாம்புச் சத்து திடீரென்று இறங்கிவிடுவதால், இரத்தத்தில் அச்சத்து குறைந்து தசையும் நரம்பும் ஓய்கின்றன.

நரம்புக் கோளாறு காட்டும் நோய்களில் இதைப்போல் விரைவில் குணமாவது வேறொன்றில்லை. மருத்துவர் கால்சியம் மருந்தை நரம்பில் மெதுவாக ஏற்றினால், இறந்துவிடும் என்று கருதிய பசு பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும். தாமதித்தாலோ, விழுங்க முடியாத நிலையில் எதையேனும் வாயில் ஊற்றினாலோ பசு கைவிட்டுப் போகும். அதுவரை பசு ஒருபக்கமாகச் சாய்ந்து விழாமல் இருபுறமும் வைக்கோல் மூட்டை வைத்து, நெஞ்சின் மேல் அமரும்படி தாங்கிக் கொடுங்கள். ஈன்ற முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்காதீர்கள்.

காயத்தின் வழியே வரும் ரண ஜன்னி

இதன் கிருமி மண்ணிலும் சாணியிலும் உறங்கிக் கிடக்கும். ஆழமான காயத்தில் புகுந்து நச்சை உண்டாக்கும். பெரும்பாலும் காயமான ஒன்று முதல் மூன்று வாரத்தில் உடல் விறைக்கும். கால்களை மரத்தூண் போல் ஊன்றி நிற்கும். காது நிமிர்ந்திருக்கும், வால் சற்றுத் தூக்கியிருக்கும், தாடை பூட்டிக்கொள்ளும். கண்ணின் உள் மூலையிலிருந்து மூன்றாம் இமை வெளியே வந்து பாதிக் கண்ணை மூடும். கைதட்டினால் உடல் முழுதும் துடிக்கும். ஆயினும் நினைவு தப்புவதில்லை.

கால்நடைகளில் இந்நோய்க்கு மிக எளிதில் இரையாவது குதிரை. லாட ஆணி குத்திய ஒரு சிறு துளை போதும். வண்டிக்கும் பந்தயத்துக்கும் குதிரை வளர்ப்போரும், ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்கி வருவோரும் ரண ஜன்னித் தடுப்பூசியை உரிய முறைப்படி போட்டுக்கொள்வது இன்றியமையாதது. நோய் கண்டால் ஓசையற்ற, இருண்ட கொட்டகையில் கட்டி மருத்துவரை அழையுங்கள்.

குதிரையின் பின்பகுதி தள்ளாடினால் சர்ரா நோயையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விட்டுவிட்டுக் காய்ச்சல், இரத்தச் சோகை, காலிலும் அடிவயிற்றிலும் வீக்கம் இருக்கும். கடிக்கும் பெரிய ஈக்கள் இதைப் பரப்புகின்றன. 1880-இல் கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர், அன்றைய பஞ்சாபில் இருந்த தேரா இஸ்மாயில் கானில், நோயுற்ற குதிரை, ஒட்டகங்களின் இரத்தத்தில் இதன் ஒட்டுண்ணியைக் கண்டார். இன்றும் ஒரு துளி இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்து இதனை அறியலாம். மாட்டுக்கும் இந்நோய் வரும்.

விருந்துச் சோறு

திருமணம், திருவிழா, பொங்கல் முடிந்த மறுநாள், மீந்த சோற்றை மாட்டுக்குக் கொட்டுகிறோம். பாசத்தால் செய்வதுதான். ஆனால் அளவு மிஞ்சிய சோறும் தானியமும் மாட்டின் பெருவயிற்றில் புளித்து அமிலமாகும். மாடு குடித்தவன் போல் தள்ளாடும்; அசை போடாது; கழிச்சல் புளித்த நாற்றத்தோடு போகும்; கண் உள்வாங்கும். இதுவும் ஓரிரு நாளில் உயிரைக் குடிக்கும். "நேற்று வீட்டில் விசேஷம்" என்பதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். அதுவே நோயறிதல்.

ஆடுகளில் மட்டும் கவனிக்க வேண்டியவை

துள்ளுமாரி: மழைக்குப் பின் முளைத்த இளம்புல்லை மேய்ந்த, நன்கு கொழுத்த குட்டிகள் திடீரென்று துள்ளி விழுந்து, வலிப்பு கண்டு இறக்கும். மழைக்காலத்துக்கு முன் தடுப்பூசி போட்டால் வராது.

மூளை நீர்க்கட்டி: இளம் செம்மறி ஒன்று மந்தையை விட்டு விலகி ஒரே பக்கமாகச் சுற்றும், ஒரு கண் தெரியாது. நாயின் குடலில் வாழும் நாடாப்புழுவின் முட்டையைப் புல்லோடு தின்பதால் ஆட்டின் மூளையில் கட்டி வளர்கிறது. ஆட்டுத் தலையை நாய்க்குப் போடாதீர்கள்; பட்டி நாய்க்குப் புழு மருந்து கொடுங்கள். வட்டம் அங்கே அறுபடும்.

உயிர்ச்சத்து பி-1 குறைவு: தானியம் மிகுதியாகத் தின்னும் ஆடு தலையை வானோக்கித் தூக்கி, கண் தெரியாமல் நிற்கும். தொடக்கத்திலேயே ஊசி போட்டால் பிழைக்கும்.

ஒரு பார்வையில்

மேய்ந்த சில நிமிடங்களில், பலவற்றுக்கு, ஈறு நல்ல சிவப்பு: இளஞ்சோளம், மரவள்ளி.
அவ்வாறே, ஈறு பழுப்பு: நைட்ரேட்.
சில மணி நேரத்தில், எச்சில், கழிச்சல், சுருங்கிய பாவை: பூச்சி மருந்து.
ஈன்ற மூன்று நாளுக்குள், சில்லிட்ட காது, மடங்கிய கழுத்து: பால் காய்ச்சல்.
காயத்துக்குப் பின், விறைப்பு, மூன்றாம் இமை: ரண ஜன்னி.
விருந்துக்கு மறுநாள், புளித்த கழிச்சல்: சோறு மிகுதி.
ஒன்றுக்கு மட்டும், நாளுக்கு நாள் முற்றும், எச்சில், கம்மிய குரல், முக்குதல்: வெறிநோய் என்றே கொண்டு நடங்கள்.

இக்குறிப்பு மருத்துவருக்கு மாற்று அன்று. அவர் வரும் வரை உங்களையும் உங்கள் மாட்டையும் காப்பதற்கும், அவரிடம் சரியான செய்தியைச் சொல்வதற்கும் உரிய துணை மட்டுமே. காரணம் எதிலும் பொருந்தவில்லையெனில், அதையும் வெறிநோய் போலவே கருதி எட்ட நில்லுங்கள். தவறாக நினைத்துவிட்டோமே என்று பின்னர் சிரித்துக்கொள்வதில் நட்டமில்லை.

வீட்டு நாய்க்கு மூன்றாம் மாதத்தில் தொடங்கி ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். பூச்சி மருந்தைப் பூட்டி வையுங்கள். சோளத்தைப் பூக்கவிட்டு அறுங்கள். இம்மூன்றையும் செய்யும் வீட்டில், மேலே சொன்ன துன்பங்களில் பல வாசலோடு நின்றுவிடும். அதற்கு மேலும் ஒரு காலைப் பொழுதில் உங்கள் பசு எச்சில் ஒழுக நின்றால், சட்டைக் கையை மடிக்காதீர்கள். பக்கத்து வீட்டாரையும் மடிக்க விடாதீர்கள்.